வயிற்றைக் கிழிக்காமல் இரைப்பைக் கட்டியை உரித்தெடுப்பது எப்படி?

1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ரோத் ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்து, புற்றுநோய் பிடித்த இரைப்பைப் பகுதியை வெட்டியெடுத்தார். இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கி வெற்றி கண்ட முதல் அறுவை அதுதான். அதன்பின் நூறாண்டுகளாக இந்த நோய்க்கு இருந்த வழி, வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தைப்பதுதான்.

வாய் வழியே கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோபி வந்தபின், சிறு கட்டிகளைக் கம்பி வளையத்தால் சுருக்கிட்டு அறுத்தார்கள். ஆனால் 2 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி துண்டுதுண்டாகத்தான் வந்தது. விளிம்பில் நோய் மிச்சமிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1990களின் பிற்பகுதியில் ஜப்பானிய மருத்துவர்கள் இதற்குத் தீர்வு கண்டார்கள்: கட்டியை ஒரே துண்டாக உரித்தெடுப்பது.

இரைப்பைச் சுவரின் உட்பக்கம் சளிச்சவ்வு. அதன்கீழ் தளர்வான இணைப்புத் திசு, அதற்கும் கீழே தசை. புற்றுநோய் தொடங்குவது சளிச்சவ்வில். உரித்தெடுக்க இடம் கொடுப்பது நடுவிலுள்ள அந்தத் தளர்வான அடுக்குதான்.

நோயாளிக்கு மயக்கம் கொடுத்து, வாய் வழியே குழாயைச் செலுத்துகிறார்கள். கட்டியைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தள்ளி, மின்சூட்டால் புள்ளிகள் வைக்கிறார்கள். பிறகு நடு அடுக்கில் உப்புநீரையோ ஹயலூரானிக் அமிலக் கரைசலையோ நீலச்சாயம் கலந்து ஊசியால் ஏற்றுகிறார்கள். கட்டி கொப்புளம்போல உப்பி, தசையை விட்டு மேலே எழும்புகிறது. புள்ளிகளுக்கு வெளியே வட்டமாக வெட்டி, அடியில் மின்சாரத்தால் அறுக்கும் கத்தியை நுழைத்து, நீலநிற அடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே போகிறார்கள். நீலம் தெரியும்வரை பயமில்லை. வெண்மையான தசை இழைகள் தெரிந்தால் கத்தி ஆழம் போகிறது என்று பொருள். டோக்கியோ தேசியப் புற்றுநோய் மைய மருத்துவமனையில் உருவான கத்தியின் நுனியில் ஒரு குட்டிப் பீங்கான் உருண்டை உண்டு. அதில் மின்சாரம் பாயாது என்பதால் நுனி தசையைத் துளைக்கும் ஆபத்து குறைகிறது. எளிமையான இந்த யோசனை எத்தனை பேரின் இரைப்பையைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

ரத்தக்குழாய் குறுக்கிட்டால் முன்கூட்டியே சூடுவைத்து அடைக்கிறார்கள். சுவர் ஓட்டையானால் பெரும்பாலும் உள்ளிருந்தே கிளிப் போட்டு மூடிவிடலாம். மிஞ்சும் புண், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளோடு சுமார் இரண்டு மாதத்தில் ஆறுகிறது.

வெளியே எடுத்த திசுவை அட்டையில் விரித்துக் குண்டூசி குத்தி, ஃபார்மலினில் ஊறவைத்து, 2 மி.மீ. இடைவெளியில் சீவி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். சிகிச்சை முடிந்ததா என்பதைத் தீர்மானிப்பது இந்தப் பரிசோதனைதான். நோய் நடு அடுக்கில் அரை மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தாலோ, நிணநீர்க் குழாய்க்குள் புகுந்திருந்தாலோ, நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருக்கலாம். அப்போது இரைப்பை அறுவை தேவைப்படும். அதையும் இன்று பல இடங்களில் சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பியில் செய்கிறார்கள்.

கட்டி முழுதாக வெளியே வந்துவிட்டாலும் எண்டோஸ்கோபியைத் தவறாமல் தொடர வேண்டும். இரைப்பை அப்படியே இருப்பதால் வேறோர் இடத்தில் புதிய கட்டி முளைக்கலாம். இரைப்பைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்தால் அதையும் மருந்து கொடுத்து ஒழிக்கிறார்கள்.