பி.டி.எஸ். முடித்தவரை மறுபடியும் கல்லூரிக்கு அனுப்பும் அமெரிக்க விதி

கல்யாணமாகி நியூஜெர்சிக்கோ டல்லாஸுக்கோ போய்ச் சேரும் நம் ஊர்ப் பல் மருத்துவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "இங்கே ஏதோ ஒரு பரீட்சை பாஸ் பண்ணினால் பிராக்டிஸ் செய்யலாமாமே?" நாலு வருடம் படித்து, ஒரு வருடம் சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாயப் பயிற்சி பார்த்து, அப்புறம் கிளினிக்கில் தினமும் ரூட் கெனால் செய்த கை அது. அவர்கள் அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் பரீட்சை மட்டும் போதாது. கல்லூரிக்கும் மறுபடி போக வேண்டும்.

இந்தக் குழப்பம் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். படித்தவர்களைப் பார்த்து வருவது. அவர்கள் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற லைசென்ஸ் தேர்வை எழுதி, ரெசிடென்சி எனப்படும் மருத்துவமனைப் பயிற்சியில் இடம் பிடித்தால் போதும். மருத்துவக் கல்லூரியில் மறுபடி உட்கார வேண்டியதில்லை. பல் மருத்துவத்துக்கு விதி வேறு. அங்கே லைசென்ஸ் தருவது மத்திய அரசு அல்ல, ஒவ்வொரு மாநிலத்தின் டென்டல் போர்டு. ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் கோடா அங்கீகாரம் உள்ள கல்லூரியில் பெற்ற பட்டத்தைக் கேட்கின்றன. கோடா என்பது அமெரிக்கப் பல் மருத்துவக் கல்வியைச் சோதித்து அங்கீகரிக்கும் ஆணையம். நம் கல்லூரிக்கு டி.சி.ஐ. என்ற இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கலாம், நீங்கள் தங்கப் பதக்கமே வாங்கியிருக்கலாம். அந்த போர்டு பார்ப்பது அதையல்ல.

இந்த விதிக்காகத்தான் 'அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங்' என்ற படிப்பு இருக்கிறது. அமெரிக்க மாணவர்கள் நாலு வருடம் படிக்கும் டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. என்ற பல் மருத்துவப் படிப்பில், வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்களை நடுவில் சேர்த்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று வருடம். முடித்ததும் கிடைப்பது அந்த ஊர் மாணவர்களுக்குக் கிடைக்கும் அதே பட்டம்தான். டி.டி.எஸ்., டி.எம்.டி. என்று இரண்டு பெயர் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றே. 1840-இல் தொடங்கிய பால்டிமோர் கல்லூரி முதல் பெயரை வைத்தது. 1867-இல் ஹார்வர்டு இரண்டாவதை வைத்தது. நியூயார்க் பல்கலை, பாஸ்டன், டஃப்ட்ஸ், பென்சில்வேனியா, மிச்சிகன், கொலராடோ, கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, லோமா லிண்டா எனப் பல இடங்களில் இந்தப் படிப்பு உண்டு.

கோடா அங்கீகாரம் உள்ள ரெசிடென்சியையோ எம்.டி.எஸ். போன்ற மேற்படிப்பையோ முடித்தவர்களுக்கு, டி.டி.எஸ். இல்லாமலே லைசென்ஸ் தரும் மாநிலங்களும் சில உண்டு. ஆனால் அந்த லைசென்ஸ் பக்கத்து மாநிலத்தில் செல்லாமல் போகலாம். வேலைக்காக ஊர் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய தலைவலி. எங்கே குடியிருக்கப் போகிறோம் என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அந்த வழியை யோசியுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? புத்தகத்தில் அல்ல, காகிதத்தில். மில்வாக்கியில் இருக்கும் ஈ.சி.ஈ. என்ற நிறுவனம் நம் பட்டத்தையும் மதிப்பெண்களையும் அமெரிக்கக் கணக்குக்கு மாற்றி மதிப்பிடுகிறது. தேசியத் தேர்வு எழுத இந்த அறிக்கை வேண்டும். கல்லூரி விண்ணப்பத்துக்கு டபிள்யு.ஈ.எஸ். என்ற இன்னொரு நிறுவனத்தின் அறிக்கையும் செல்லும் என்றாலும், இரண்டுக்கும் உதவும் ஈ.சி.ஈ.யை முதலில் எடுப்பதே புத்திசாலித்தனம். பாடவாரியான மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். டிரான்ஸ்கிரிப்டுக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலையின் கீழ் படித்தவர்கள் கிண்டிக்கும், நிகர்நிலைப் பல்கலையில் படித்தவர்கள் அந்தந்தப் பல்கலைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவில் இருந்துகொண்டு அப்பாவையோ தம்பியையோ அலையவிடுவதைவிட, விமானம் ஏறும் முன்பே இதை முடித்துவிடுவது எவ்வளவோ மேல். சி.ஆர்.ஆர்.ஐ. முடித்த சான்றிதழ், மாநில டென்டல் கவுன்சிலின் நன்னடத்தைச் சான்றிதழ் இரண்டையும் அப்போதே வாங்கி வையுங்கள்.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, இனிஷியல். மார்க் ஷீட்டில் 'மீனா கே.' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும். கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் வந்திருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், அங்கே கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் பொதுவாக 'டென்ட்பின்' என்று ஓர் அடையாள எண் தருவார்கள். அதைப் பதியும்போது கொடுக்கும் பெயரும், தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தப் பெயரில் போகப் போகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்து, பெயர் மாறியதற்கான அஃபிடவிட்டையும் திருமணச் சான்றிதழையும் கையில் வைத்திருங்கள்.

அடுத்தது அந்தத் தேசியத் தேர்வு. பெயர் ஐ.என்.பி.டி.இ. முன்பு இரண்டு பாகமாக இருந்த போர்டு தேர்வுகளை எடுத்துவிட்டு, 2020 ஆகஸ்டில் இதைக் கொண்டுவந்தார்கள். மொத்தம் 500 கேள்விகள்; முதல் நாள் 360, இரண்டாம் நாள் 140. மதிப்பெண் வெளியே போகாது, பாஸா ஃபெயிலா என்பது மட்டும்தான் கல்லூரிக்குத் தெரியும். அதனால் ஒரு தடவை பாஸானால் போதும். ஆனால் ஐந்து முயற்சி அல்லது ஐந்து வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அதற்குள் பாஸாக வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 'சும்மா எழுதிப் பார்க்கலாம்' என்ற எண்ணம் இதற்கு ஆகாது. கேள்விகள் மனப்பாடத்தைச் சோதிப்பதில்லை. ஒரு நோயாளியின் வயது, சாப்பிடும் மாத்திரைகள், எக்ஸ்ரே எல்லாம் கொடுத்து, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். பரீட்சைக்கு முந்தைய இரவு ஃபார்மகாலஜியைப் புரட்டிப் பழகிய நமக்கு இது புதிது. சில கல்லூரிகள் இதற்கு மேல் அடாட் என்ற தேர்வையும், பெரும்பாலானவை டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணையும் கேட்கின்றன.

விண்ணப்பம் 'கேப்பிட்' என்ற ஒரே இணையதளம் வழியாகப் பல கல்லூரிகளுக்குப் போகும். வழக்கமாக மார்ச்சில் திறக்கும். கடைசித் தேதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பல கல்லூரிகள் வரும் வரிசையிலேயே விண்ணப்பங்களைப் பார்க்கின்றன. அதனால் கடைசித் தேதியை நம்பி இருக்காதீர்கள். உங்களைப் பற்றிய கட்டுரையை யாரிடமாவது காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். நேர்காணலில் அந்தக் கட்டுரையிலிருந்துதான் கேள்வி வரும்.

நேர்காணலோடு பல கல்லூரிகளில் பெஞ்ச் டெஸ்ட் என்ற கைத்திறன் தேர்வும் உண்டு. என் பார்வையில் உண்மையான தேர்வு இதுதான். டைப்போடான்ட் என்ற செயற்கைப் பல் மாதிரியில், உறை போடப் பல்லைச் செதுக்கும் கிரவுன் பிரிப்பரேஷன், அடைப்புக்குக் குழி வெட்டும் கிளாஸ் டூ, சில இடங்களில் மெழுகில் பல் வடிக்கும் வாக்ஸ்-அப் கொடுப்பார்கள். முதலாம் ஆண்டில் திட்டிக்கொண்டே செய்த வாக்ஸ் கார்விங் இங்கே கைகொடுக்கும். ஐந்தாறு வருட இடைவெளிக்குப் பிறகு பல்லை ராவும் ஹேண்ட்பீஸைப் பிடித்தால் கை நடுங்கத்தான் செய்யும். அது பயிற்சியில் மட்டுமே போகும். ஒரு டைப்போடான்டும் ஹேண்ட்பீஸும் வாங்கி வீட்டிலேயே செய்து செய்து பாருங்கள். பல் எண்ணும் மாறும். கீழ் வலது முதல் கடைவாய்ப் பல் நமக்கு 46. அங்கே மேல் வலது ஞானப் பல்லில் 1 என்று தொடங்கி, கீழ் வலது ஞானப் பல்லில் 32 வரை எண்ணுவார்கள், அதன்படி அதே பல் 30. நமக்கு 21 என்பது மேல் இடது முன்பல். அங்கே 21 என்றால் கீழ் இடது முதல் சிறுகடைவாய்ப் பல். பதற்றத்தில் வேறு பல்லை ராவிவிட்டால், எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் பயனில்லை.

கிளினிக்குகளுக்குப் போய் உடன் நின்று பார்ப்பது விண்ணப்பத்துக்கு நல்லது. ஆனால் பார்ப்பது மட்டும்தான். லைசென்ஸ் இல்லாமல் நோயாளியின் வாயில் கை வைப்பது மாநிலச் சட்டப்படி குற்றம். தெரிந்தவர் கிளினிக் என்றாலும் வேண்டாம்.

விசா பற்றிப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், நம் பெண்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். கணவர் எச்-1பி என்ற வேலை விசாவில், மனைவி அவரைச் சார்ந்த எச்-4 விசாவில். எச்-4-இல் தாராளமாகப் படிக்கலாம். மாணவர் விசாவான எஃப்-1 தேவையில்லை. ஆனால் படித்து முடித்த பின் வேலை செய்ய ஈ.ஏ.டி. என்ற அனுமதி வேண்டும். அது பெரும்பாலும் கணவரின் கிரீன் கார்டு மனுவான ஐ-140 ஒப்புதல் ஆகியிருந்தால்தான் கிடைக்கும். எஃப்-1-இல் படித்தால், பட்டத்துக்குப் பின் 12 மாதம் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி உண்டு. சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு அதன் மேல் கிடைக்கும் 24 மாத ஸ்டெம் நீட்டிப்பு பல் மருத்துவத்துக்குக் கிடையாது. ஆக அந்த ஒரு வருடத்துக்குள் எச்-1பி எடுத்துத் தரும் முதலாளி கிடைத்தாக வேண்டும். ஐ-140 எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, எந்த விசாவில் படிப்பது என்று படிப்பில் சேரும் முன்பே வழக்கறிஞரிடம் கேளுங்கள். பட்டம் வாங்கிய பின் கேட்டால் தாமதம்.

பணம். தனியார் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரை ஒட்டியோ தாண்டியோ நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். கருவிகள், காப்பீடு, வீட்டு வாடகை தனி. அமெரிக்க அரசின் கல்விக் கடன் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான். மற்றவர்கள் தனியார் கடனுக்குப் போனால், பெரும்பாலும் அந்த நாட்டவர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். இந்திய வங்கியில் இவ்வளவு தொகைக்குச் சொத்தை அடமானம் கேட்பார்கள். அப்பா அம்மா குடியிருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைக்கும் முன், லைசென்ஸ் கிடைத்த பிறகு எந்த விசாவில் எத்தனை வருடம் வேலை செய்ய முடியும் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கணக்குப் பாருங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

பட்டம் வாங்கியதும் லைசென்ஸ் தானாக வராது. பல மாநிலங்களில் ஏடெக்ஸ் போன்ற செய்முறைத் தேர்வும், அந்த மாநிலச் சட்டம் பற்றிய ஒரு சிறு தேர்வும் எழுத வேண்டும். நியூயார்க் மட்டும் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக ஒரு வருட ரெசிடென்சி கேட்கிறது.

கனடாவில் நிலைமை வேறு. அங்கே கல்லூரிக்குத் திரும்பாமல் தேர்வுகள் வழியாகவே லைசென்ஸ் பெறும் பாதை இருக்கிறது. ஏ.எஃப்.கே. என்ற அடிப்படை அறிவுத் தேர்வு, நோயாளிகளின் விவரம் தந்து சிகிச்சை முடிவுகளைக் கேட்கும் ஏ.சி.ஜே., கைவேலையைச் சோதிக்கும் என்.டி.ஈ.சி.சி. மூன்றையும் கடந்து, கடைசியாகச் சான்றிதழ்த் தேர்வும் எழுதினால், எங்கே படித்தவராக இருந்தாலும் மாகாண லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். செலவும் குறைவு. ஆனால் அந்தத் தேர்வுகளை மட்டும் முடித்துவிட்டுப் பின்னால் அமெரிக்காவுக்கு மாறலாம் என்று திட்டமிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனடாவின் கல்லூரிகளில் வாங்கிய பட்டத்தைத்தான் அமெரிக்க மாநிலங்கள் ஏற்றுக்கொள்கின்றன. தேர்வு எழுதி மட்டும் லைசென்ஸ் பெற்றவரின் கையில் இருப்பது அதே பி.டி.எஸ். பட்டம்தான். எல்லையைத் தாண்டினால், பெரும்பாலான மாநில போர்டுகள் அவரிடமும் கோடா அங்கீகாரம் உள்ள பட்டத்தையே கேட்கும்.