‘அனுப்பப்பட்டது’ என்றால் போய்ச் சேர்ந்ததா? ஒன்வே கால் போடும் முன்

சர்வரைக் கூப்பிட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கிளையண்ட் (கூப்பிட்ட ப்ரோகிராம்) தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது, அதுதான் ஒன்வே கால். ‘பேஜ் ஸ்லோவா இருக்கு’ என்று புகார் வந்தால் பல டீம்களில் முதலில் கை வைப்பது இங்கேதான். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

சில வருடம் முன்பு ஒரு இடத்தில் ரீஃபண்ட் விவரத்தைக் கணக்கு சர்வருக்குச் சொல்லும் பகுதியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மாதக் கடைசியில் கணக்கு டேலி ஆகவில்லை. கிளையண்ட் லாகைத் திறந்தால் வரிக்கு வரி ‘அனுப்பப்பட்டது’, ஒரு பிழைகூட இல்லை. ஜேசன்-ஆர்பிசி 2.0-இல் (இன்னொரு மெஷினில் உள்ள வேலையை ஜேசன் வடிவில் கூப்பிடும் முறை) எழுதிய கால் அது. வேகத்துக்காக யாரோ ரிக்வெஸ்ட்டிலிருந்து ‘ஐடி’யை, அதாவது எந்தப் பதில் எந்தக் காலுக்கு என்று காட்டும் அடையாளத்தை, எடுத்திருந்தார்கள். ஐடி இல்லாவிட்டால் அது நோட்டிஃபிகேஷன், தப்பே நடந்தாலும் சர்வர் பதில் அனுப்பக் கூடாது என்பது அந்த ஸ்பெக்கின் விதி. இதற்கிடையில் கணக்கு டீம் ஒரு ரிலீஸில் தொகைக்கான பாராமீட்டரின் பெயரை மாற்றிவிட்டது. ஐடி இருந்திருந்தால் முதல் காலிலேயே -32602, அதாவது ‘பாராமீட்டர் தவறு’ என்று வந்திருக்கும். அது இல்லாததால் 11 நாள் ரீஃபண்ட் விவரமெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

அந்த ‘அனுப்பப்பட்டது’க்கு உண்மையில் என்ன அர்த்தம்? டிசிபி சாக்கெட்டில், அதாவது நெட்வொர்க் இணைப்பில், எழுதும்போது, உங்கள் மெஷினின் கெர்னல் பஃபருக்குள் (ஆபரேட்டிங் சிஸ்டம் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம்) டேட்டா போனதுமே ‘எழுதியாச்சு’ என்று வந்துவிடும். அந்த நொடியில் பாக்கெட் வாசலைக்கூடத் தாண்டாமல் இருக்கலாம்.

ஒன்வே வசதியை உருவாக்கியவர்கள் யாரும் இதை மறைக்கவும் இல்லை. கோர்பாவில் (இதுவும் த்ரிஃப்ட், டபிள்யூசிஎஃப் போல வேறு ப்ரோகிராமைக் கூப்பிட உதவும் ஒரு முறை) ஒன்வே என்று போட்டால் ரிட்டர்ன் வேல்யூ கிடையாது, அவுட் பாராமீட்டர் கிடையாது, எக்ஸெப்ஷனும் (பிழை வந்தால் சொல்வது) அறிவிக்க முடியாது; போய்ச் சேரும் என்ற உத்தரவாதமும் இல்லை. த்ரிஃப்டின் ஒன்வேயும் டிரான்ஸ்போர்ட் அளவுக்குத்தான் பொறுப்பு, அதாவது தகவலைச் சுமந்து போகும் அடுக்கு வரைக்கும்தான்.

அப்புறம், ‘ஒன்வே காத்திருக்காது’ என்பதும் பாதிதான் உண்மை. டபிள்யூசிஎஃப்-இல் ‘இஸ்ஒன்வே’யை ட்ரூ என்று வைத்து எச்டிடிபி-யில் கூப்பிட்டால், வேலை முடியும்வரை நிற்காதே தவிர, சர்வர் 202 (‘வாங்கிக்கொண்டேன்’) சொல்லும்வரை கிளையண்ட் நிற்கத்தான் செய்யும். செஷன் (தொடர் இணைப்பு) வைத்து, ஒரு நேரத்தில் ஒரு கால்தான் என்று சர்வர் ஓடினால், கால்கள் வரிசையில் நின்று, வரிசை நிரம்பியதும் கிளையண்ட்டும் அப்படியே மாட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு பைண்டரில் (ப்ராசஸ்கள் ஒன்றையொன்று கூப்பிடும் வசதி) அதே ப்ராசஸுக்குள் கூப்பிட்டால் ஒன்வே என்று எழுதியும் பயனில்லை, சாதாரண கால் போலவே நிற்கும்.

நான் ஒன்வே போடுவது மெட்ரிக்ஸ், ‘டைப் செய்கிறார்’ என்று காட்டுவது மாதிரி இடங்களில் மட்டும், ஏனென்றால் ஒன்று தொலைந்தாலும் அடுத்தது வந்து சரிசெய்துவிடும். பணம், ஸ்டாக், ஓடிபி என்றால் கிட்டவே போகமாட்டேன். கோட் ரிவியூவில் ஒரே கேள்விதான் கேட்பேன்: இது காணாமல் போனால் யாருக்கு, எப்போது தெரியும்?

சரி, வேகம் வேண்டுமே என்றால், அதற்கும் வழி உண்டு. ரீஃபண்டைப் பதிவு செய்யும் அதே டேட்டாபேஸ் டிரான்ஸாக்ஷனில் அவுட்பாக்ஸ் டேபிளிலும் (அனுப்ப வேண்டியவற்றின் பட்டியல்) ஒரு வரி எழுதிவிடுங்கள், யூசருக்கு உடனே பதில் போய்விடும். பின்னால் ஓடும் ஒரு வொர்க்கர் ப்ரோகிராம் அதை எடுத்து, ஐடியோடு அனுப்பி, சர்வரின் பதில் வந்தபிறகே ‘முடிந்தது’ என்று குறிக்கட்டும், வராவிட்டால் மறுபடி முயலட்டும். மறுபடி அனுப்பும்போது இரண்டு முறை பதிவாகாமல் இருக்க, ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் ஒரு தனி எண் கூடவே போக வேண்டும், சர்வர் அதைச் சரிபார்க்க வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் தொகை இரண்டு தடவை ஏறும்.

அங்கே இப்படித்தான் மாற்றினோம். இரண்டு மாதம் கழித்து அதே கணக்கு டீம் தேதி ஃபீல்டின் பெயரையும் மாற்றியது. டெஸ்ட் சர்வரில் முதல் காலுக்கே -32602 வந்து நின்றது, அன்று மதியத்துக்குள் சரிசெய்துவிட்டார்கள்.