எழுந்தவுடன் கண் ஏன் இருட்டுகிறது?

வெகுநேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்துவிட்டு வெடுக்கென்று எழுந்தால் சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். 'உடம்பில் ரத்தமே இல்லை' என்பார்கள் வீட்டில். ரத்தசோகை இருந்தாலும் தலை சுற்றலாம்தான். ஆனால் எழும்போது மட்டும் வரும் இருட்டலில் பெரும்பாலும் ரத்தம் குறைந்திருக்காது, இடம் மாறியிருக்கும்.

நிமிர்ந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் போய்த் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்தால் அது வெளியே தள்ளுவதும் குறையும். மேலே இருக்கும் மூளைக்குத்தான் முதல் தட்டுப்பாடு.

இதை மோப்பம் பிடிப்பது கழுத்து. தாடைக்கோணத்துக்குக் கீழே விரல் வைத்தால் துடிக்கிறதே, அந்தத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் சுவர் சற்றே புடைத்திருக்கும். அங்குள்ள நரம்பு நுனிகள், சுவர் எவ்வளவு விரிகிறது என்று ஒவ்வொரு துடிப்பிலும் மூளையின் அடியிலுள்ள முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. (அந்த இடத்தை அழுத்தித் தேய்த்துப் பார்க்காதீர்கள். ரத்த அழுத்தம் ஏறிவிட்டதென்று ஏமாந்து முகுளம் இதயத்தைத் தணிக்கும். சிலர் மயங்கியே விழுவார்கள்.)

விரிவு குறைந்ததும் முகுளம் இரண்டு வேலை செய்கிறது. இதயத்துக்குக் கடிவாளம் போட்டிருக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துகிறது. துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடுகிறது. இது ஓரிரு நொடியில் முடிந்துவிடும். கால், வயிற்று ரத்தக்குழாய்களை இறுக்குவதற்குத்தான் இன்னும் சில நொடிகள் பிடிக்கும். கண் இருட்டுவது அந்த இடைவெளியில்.

கெண்டைக்கால் தசையும் சும்மா இருப்பதில்லை. அது சுருங்கும்போது சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைக் கீழே திரும்ப விடாது. கையைக் கட்டி, புடைத்த சிரையில் ரத்தத்தை விரலால் கீழ்நோக்கித் தள்ளினாலும் வால்வைத் தாண்டிப் போகாது என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-லேயே காட்டிவிட்டார். அணிவகுப்பில் அசையாமல் நிற்கும் காவலர்கள் மயங்கி விழுவதும் இதனால்தான்: கால் தசை வேலை செய்யவில்லை.

எழுந்து 3 நிமிடத்துக்குள் பி.பி.யின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது கவனிக்க வேண்டிய விஷயம். வயிற்றுப்போக்கு, பி.பி. மாத்திரைகள், நாள்பட்ட சர்க்கரை நோயால் நரம்பு பழுதாவது எல்லாம் காரணமாகலாம். அடிக்கடி வந்தால், படுக்கவைத்து ஒரு முறையும் நிற்கவைத்து ஒரு முறையும் பி.பி. பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நாற்காலியில் உட்காரவைத்து மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.