எரர் வரவில்லை என்றால் அணி சரி என்று அர்த்தமில்லை

பெங்களூரு வைட்ஃபீல்டு பக்கம் பொறியியல் கணிப்பு வேலை பார்க்கிறேன். கோவையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கல்லூரி முடித்து வந்து சேரும் தம்பி தங்கைகள் எழுதும் கோடிங்கை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். அணி (மேட்ரிக்ஸ்) என்பது நிரை, நிரலாக அடுக்கிய எண்கள். அதில் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குப் போகும் கோட்டில் மட்டும் எண்கள், மற்றதெல்லாம் பூச்சியம் என்றால் அது மூலைவிட்ட அணி. அவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், பிளஸ் ஒன்னிலேயே படித்திருப்பார்கள். அதைக் கம்ப்யூட்டரில் உருவாக்கும்போதுதான் சிக்கல். தவறான அணியைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் முகம் சுளிக்காமல் ஒரு விடையைத் தந்துவிடும். "அக்கா, எரர் எதுவும் வரலையே" என்பார்கள். எனக்குக் கவலை தருவது அதுதான்.

முதலில் சின்ன விஷயங்கள். பைத்தான் என்ற நிரல் மொழியில், வேறு துணை இல்லாமல், பூச்சிய அணி வேண்டும் என்று ஒரு நிரையை எழுதி, அதை ஐந்தால் பெருக்கி ஐந்து நிரை ஆக்குவார்கள். உண்மையில் அங்கே இருப்பது ஒரே நிரைதான், ஐந்து இடத்திலிருந்து அதையே சுட்டுகிறோம். மூலைவிட்டத்தில் மட்டும் 1 போடப் போனால் அணி முழுவதும் 1 ஆகிவிடும். பைத்தானில் எண் கணக்குக்கான தொகுப்பான நம்பையில் (NumPy) இந்தத் தொல்லை இல்லை, டயாக் (diag) என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. எண்களின் வரிசையைக் கொடுத்தால் மூலைவிட்ட அணி தரும். அணியையே கொடுத்தால் அதன் மூலைவிட்டத்தை உருவித் தரும். இதில் ஒரு பொறி உண்டு. ஃபைலிலிருந்து படித்த ஐந்து எண்கள் சில சமயம் ஒரு நிரை, ஐந்து நிரல் கொண்ட அணியாக வந்து நிற்கும். டயாக் அதை அணி என்றே எடுத்துக்கொண்டு முதல் எண்ணை மட்டும் திருப்பித் தரும். அப்புறம், 2, 2, 2 என்று முழு எண்களாகக் கொடுத்து உருவாக்கிய அணியில் பிறகு 0.5 வைத்தால் அது சத்தமில்லாமல் 0 ஆகும். 2.0 என்று தொடங்குங்கள்.

இனிப் பட்டை அணி, அதாவது மூலைவிட்டத்திலும் அதை ஒட்டிய கோடுகளிலும் மட்டும் எண்கள் உள்ள அணி. ஒரு கம்பியில் வெப்பம் பரவுவதைக் கணிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளிகள் இரண்டோடு மட்டும்தான் தொடர்புடையது. அதனால் ஒவ்வொரு நிரையிலும் அதிகபட்சம் மூன்று எண்கள், மற்றதெல்லாம் பூச்சியம். 10,000 புள்ளிகளுக்கு முழு அணியாக வைத்தால், எண்ணுக்கு 8 பைட் வீதம் 80 கோடி பைட், அதாவது 800 எம்பி. நடு மூலைவிட்டம், அதை ஒட்டி மேலே ஒன்று, கீழே ஒன்று என மூன்று மூலைவிட்டங்களை மட்டும் வைத்தால் 29,998 எண்கள், சுமார் 240 கேபி. லட்சம் புள்ளி என்றால் முழு அணிக்கு 80 ஜிபி வேண்டும். எந்த லேப்டாப்பில் அது நடக்கும்? அதனால் அறிவியல் கணிப்புக்கான இன்னொரு பைத்தான் தொகுப்பான சைபைக்குப் (SciPy) போகிறோம். அங்கே பட்டை அணிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வ் பேண்டட் (solve_banded) என்ற செயற்கூறு மூலைவிட்டங்களை மூன்று நிரைகளாக அடுக்கித் தரச் சொல்கிறது.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த அடுக்கில்தான். மேல் மூலைவிட்டத்தில் ஓர் எண் குறைவு, கீழ் மூலைவிட்டத்திலும் அப்படியே. காலியிடத்தை எந்தப் பக்கம் விடுவது? மேல் மூலைவிட்டத்துக்குத் தொடக்கத்தில், கீழ் மூலைவிட்டத்துக்கு முடிவில். எல்லோரும் சோதித்துப் பார்ப்பது நடுவில் 2, இருபுறமும் -1 உள்ள அணியைத்தான். காலியிடத்தையும் சேர்த்து -1 ஆல் நிரப்பிவிட்டால் மேலே கீழே மாற்றி வைத்தாலும், ஓரிடம் நகர்த்தி வைத்தாலும் விடை ஒன்றுதான். சரியாக வந்துவிட்டது என்று நம்பி, பாதி செம்பும் பாதி எஃகுமான கம்பிக்கு அதையே ஓட்டுவார்கள். அங்கே எண்கள் இடத்துக்கு இடம் மாறும். செம்பும் எஃகும் சேரும் இடத்தில் தவறான எண் போய் உட்காரும். வரைபடம் வழவழவென்று அழகாகவே இருக்கும், விடை மட்டும் பொய்.

இதற்கு நான் சொல்லித்தரும் வழி ஒன்றுதான். சோதனைக்கு நாலுக்கு நாலு அணி எடுங்கள். ஒவ்வோர் எண்ணும் தன் முகவரியைத் தானே சொல்லட்டும்: நடுவில் 11, 22, 33, 44. மேலே 12, 23, 34. கீழே 21, 32, 43. இரண்டாம் நிரை, மூன்றாம் நிரலில் 23 இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். சால்வ் பேண்டடுக்கு முதல் நிரை 0, 12, 23, 34 என்று வரவேண்டும். அடுத்தது 11, 22, 33, 44. கடைசி நிரை 21, 32, 43, 0. இதே அணியை டயாக் மூலம் முழுதாகவும் கட்டி, இரண்டு வழியிலும் விடை கண்டு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று. இவ்வளவு சிரமப்பட்டுப் பட்டையாக வைத்த அணிக்கு நேர்மாறு (இன்வர்ஸ்) கண்டுபிடிக்கப் போகாதீர்கள். 2, -1 அணியின் நேர்மாறில் ஓரிடத்தில்கூடப் பூச்சியம் கிடையாது. மிச்சப்படுத்திய நினைவகம் எல்லாம் திரும்பச் செலவாகிவிடும். சமன்பாட்டை நேரடியாகத் தீர்க்கச் சொல்லுங்கள்.