கொத்தாக்கம்

உளவியலில் ‘சங்க்கிங்’ எனப்படுவதைத் தமிழில் ‘துண்டாக்கம்’ என்று எழுதுவோர் உண்டு. பெரிய கோப்பைக் கணினி வெட்டி அனுப்புவதற்கு அந்தச் சொல் சரிதான். நினைவாற்றலுக்கு அது தலைகீழான பொருளைத் தருகிறது: மனம் இங்கே பலவற்றைச் சேர்த்து ஒரே கொத்தாக்குகிறது.

பிழைக்கு மூலம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ‘சங்க்’ என்றால் பருத்த துண்டு. மரக்கட்டையைக் குறித்த ‘சக்’ என்பதன் திரிபாகக் கருதப்படுகிறது. ‘சங்க்’ என்ற சொல்லை நினைவாற்றல் ஆய்வில் நிலைநிறுத்தியது உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரை. உடனடி நினைவில் ஏறத்தாழ ஏழு கொத்துகள் நிற்கும், இரண்டு கூடலாம், குறையலாம் என்றார். ‘ஏழு’ மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது. எண்ணிக்கைக்குத்தான் வரம்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு சுமக்கிறது என்பதற்கு அல்ல என்ற முக்கியமான பகுதி பின்தங்கிவிட்டது. மனத்துக்குள் திரும்பச் சொல்வதையும் கொத்தாக்குவதையும் தடுத்தால் ஏழுகூட இல்லை, நான்குதான் என்று 2001இல் உளவியலாளர் நெல்சன் கோவன் வாதிட்டார்.

196919452000 என்பதை ஒருமுறை பார்த்துத் திருப்பிச் சொல்வது கடினம். 1969, 1945, 2000 என்று ஆண்டுகளாகப் பார்த்தால் மூன்றே கொத்து. நிலவில் கால் பதித்தது, உலகப் போர் முடிந்தது என்று நீள்கால நினைவில் ஏற்கெனவே இருப்பதுதான் இலக்கங்களைக் கட்டுகிறது. வெறுமனே இடைவெளி விட்டுப் பிரித்தால் ஓரளவு உதவும், கொத்தாகிவிடாது.

அறிவு பொருந்தாத இடத்தில் திறமையும் நின்றுவிடுகிறது. 1973இல் சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் சதுரங்கப் பலகையை ஐந்து விநாடி காட்டினார்கள். உண்மையான ஆட்ட நிலைகளை வல்லுநர் பெருமளவு நினைவில் வைத்தார். காய்களைக் கண்டபடி அடுக்கியதும் அவர் புதியவரை மிஞ்சவில்லை. 1980இல் வெளியான இன்னொரு ஆய்வில், இலக்கங்களை ஓட்டப்பந்தய நேரங்களாக மாற்றிப் பழகிய மாணவர் ஏழிலிருந்து 79 இலக்கங்கள்வரை எட்டினார். எழுத்துகளைக் கொடுத்தபோது ஆறளவுக்குத் திரும்பினார். மூளை விரிந்துவிட்டது என்று இதைச் சொல்வது பிழை.

‘தொகுத்தல்’ என்பதும் புழக்கத்தில் உண்டு. ஆனால் எதைத் திரட்டினாலும் தொகுப்புத்தான். சாவிக்கொத்தைப் போல ஒரு பிடியில் வருவதைச் சொல்லக் ‘கொத்து’ பொருத்தம். வினையாக எழுதும்போது ‘கொத்தாக்கு’ என்றே எழுதுக. ‘கொத்து’ என்று மட்டும் நிறுத்தினால் வெட்டுதல் என்ற பொருள் மறுபடி நுழையும்.