உடனிசைவு அமைப்புகள்: இருதலை அம்பு சொல்வதும் சொல்லாததும்

ஒரு மூலக்கூறின் எலக்ட்ரான் பரவலை ஒரே படத்தில் காட்ட முடியாதபோது, அணுக்களை நகர்த்தாமல் எலக்ட்ரான்களை மட்டும் மாற்றி வரையும் படங்களே உடனிசைவு அமைப்புகள். ஓசோனுக்கு அவற்றை வரையச் சொன்னால், என் மாணவர்களில் பெரும்பாலானோர் இரண்டு படங்களையும் சரியாக வரைந்துவிடுவார்கள். பிழை நேர்வது அவற்றுக்கு நடுவே போடும் குறியில்தான். இருதலை அம்பு ஒன்றைப் போட வேண்டிய இடத்தில், எதிரெதிராக ஓடும் இரண்டு அம்புகளை, அதாவது வேதிச் சமநிலைக்கான குறியைப் போட்டுவிடுகிறார்கள். இதற்கு நான் மதிப்பெண் குறைக்காமல் விடுவதில்லை. மூலக்கூறு இந்த வடிவத்துக்கும் அந்த வடிவத்துக்குமாக ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணத்தை அந்தக் குறி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உண்மையில் ஓசோனின் இரு பிணைப்புகளும் எப்போதும் ஏறத்தாழ 128 பிகோமீட்டர் நீளமே கொண்டவை. ஹைட்ரஜன் பெராக்சைடிலுள்ள ஆக்சிஜன்–ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பு சுமார் 147, ஆக்சிஜன் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பு 121. ஓசோன் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதை ஒரே படத்தில் காட்ட நம் கோடுகளுக்குத்தான் வழியில்லை.

மாணவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 1865இல் பென்சீனுக்கு வளைய அமைப்பை முன்மொழிந்த வேதியியலாளர் கெக்குலேயே, 1872இல் அதன் இரட்டைப் பிணைப்புகள் இடம் மாறி அலைவதாகத்தான் விளக்கினார். ஆனால் பென்சீனின் ஆறு கார்பன்–கார்பன் பிணைப்புகளும் 139 பிகோமீட்டர் என்ற ஒரே நீளமுடையவை. ஆற்றல் கணக்கும் இதையே சொல்கிறது: ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புள்ள சைக்ளோஹெக்சீன் ஒரு மோல் ஹைட்ரஜனேற்றமடையும்போது சுமார் 120 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது, மூன்று தனித்தனி இரட்டைப் பிணைப்புகள் இருந்திருந்தால் பென்சீன் 360 கிலோஜூல் தந்திருக்க வேண்டும், ஆனால் தருவது ஏறத்தாழ 208 மட்டுமே.

அடுத்த பிழை அணுக்களையே நகர்த்திவிடுவது. இதற்காக, அணுக்களையும் அவற்றை இணைக்கும் ஒற்றைப் பிணைப்புகளையும் பேனாவாலும், பை பிணைப்புகள் (இரட்டைப் பிணைப்பின் இரண்டாவது கோடு), தனித்த எலக்ட்ரான் இரட்டைகள், மின்சுமைகள் ஆகியவற்றைப் பென்சிலாலும் வரையச் சொல்வேன். அடுத்த அமைப்புக்குப் போகும்போது அழிப்பானுக்குப் பென்சில் கோடுகளில் மட்டுமே வேலை. அசிட்டோனை அதன் ஈனால் வடிவமாக்க முயல்பவர், ஒரு ஹைட்ரஜனைக் கார்பனிலிருந்து ஆக்சிஜனுக்கு மாற்ற வேண்டி வரும்போது பேனாக் கோட்டில் வந்து முட்டிக்கொள்கிறார். அது வேறொரு சேர்மம், அங்கேதான் சமநிலைக் குறி பொருந்தும். அதே அசிட்டோனில் பை பிணைப்பை மட்டும் அழித்து, ஆக்சிஜனுக்கு எதிர்மின்சுமையும் கார்பனுக்கு நேர்மின்சுமையும் கொடுத்தால் அது முறையான உடனிசைவு அமைப்பு. கார்பனுக்கு எண்மம் (வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள்) நிறைவடையாததால் அதன் பங்கு சிறிதே. ஆனாலும் கருக்கவர் பொருள் (எலக்ட்ரான் இரட்டையைத் தந்து பிணையும் பொருள்) எந்த அணுவைத் தாக்கும் என்பதை அந்தச் சிறிய பங்குதான் காட்டிக்கொடுக்கிறது.