சப்போர்ட்டட் அட்மிஷன்: "அனுமதி"ன்னு சொல்லலாமா?

பெங்களூரு அல்சூர்ல எங்க பக்கத்து வீட்டு அக்கா தன் தம்பிய மனநல ஆஸ்பத்திரில சப்போர்ட்டட் அட்மிஷன்ல (நோயாளி தானா சம்மதிக்காதப்போ அவரோட பிரதிநிதி எழுதிக் கேட்டு சேர்க்குறது) சேர்த்தப்போ நானும் கூடப் போயிருந்தேன், ஃபார்ம் பூரா கன்னடமும் இங்கிலீஷும்தான், தம்பிக்குப் படிக்க வர்றது தமிழ் மட்டும், அதனால நான் ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லிட்டே வந்தேன். "உங்கள இங்க அனுமதிச்சிருக்காங்க"ன்னு சொன்னதும் அவர் கேட்டார், "நான் எப்பங்க அனுமதி குடுத்தேன்?" எனக்கு வாயே எழல.

அவர் கேட்டது சரிதான். அனுமதி வடமொழிச் சொல், அனு + மதி, மனசு ஒத்துப்போறதுன்னு அர்த்தம், அதாவது சம்மதம். அட்மிஷன் லத்தீன்லேர்ந்து வந்தது, உள்ள விடுறது, அவ்ளோதான். நியூஸ்ல "மருத்துவமனையில் அனுமதி"ன்னு எழுதி எழுதி ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. காய்ச்சல்னு தானா போறவருக்கு இதால ஒண்ணும் இல்ல, ஆனா சம்மதம் இல்லாம கூட்டிட்டு வரப்பட்டவர்கிட்ட அந்தச் சொல் பொய் சொல்லுது.

நம்ம நாட்டு 1912 சட்டத்துல நோயாளிய "லூனடிக்"னு (பைத்தியம்னு) எழுதியிருந்துச்சு. 1987 சட்டத்துல "ரிசெப்ஷன் ஆர்டர்" (ஆஸ்பத்திரில சேர்க்கச் சொல்லி மாஜிஸ்ட்ரேட் போடுற உத்தரவு). 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துலதான் சப்போர்ட்டட் அட்மிஷன், 89-ஆவது பிரிவு: நோயாளியோட பிரதிநிதி எழுதிக் கேக்கணும், ரெண்டு பேர் தனித்தனியா பரிசோதிக்கணும், அதுல ஒருத்தர் சைக்யாட்ரிஸ்ட், அதிகபட்சம் 30 நாள், அதுக்கு மேல வைக்கணும்னா 90-ஆவது பிரிவு. சேர்த்த 7 நாளுக்குள்ள ரெவ்யூ போர்டுக்கு (இந்த மாதிரி சேர்க்கைய மறுபரிசீலனை பண்ற அமைப்பு) தகவல் போகணும், பெண்கள், சிறுவர்னா 3 நாள்.

சப்போர்ட்டட் அட்மிஷனுக்கு நான் சொல்றது "துணைச் சேர்க்கை". சேர்க்கைன்னா யாரோ சேர்த்தாங்கன்னு அதுலயே தெரியுது, சம்மதிச்ச மாதிரி காட்டாது. இது வெறும் சொல் சண்டை இல்லங்க, எந்தப் பிரிவுல சேர்த்தாங்க, ஏன், போர்டுல எப்படி முறையிடலாம், இதெல்லாம் அவருக்குப் புரியற மொழியில சொல்லணும்னு 22-ஆவது பிரிவே சொல்லுது, அந்த நேரம் கேக்குற நிலைமைல இல்லன்னா தெளிஞ்சதும் சொல்லணும், அப்போ தப்பான சொல்லப் போட்டா உரிமையச் சொன்னதாவே ஆகாது.

மறுநாள் திரும்ப உக்காந்து சொன்னேன்: "நீங்க சம்மதிக்கல, அக்கா கேட்டு சேர்த்திருக்காங்க, வேணாம்னா போர்டுக்கு எழுதலாம்." கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "வக்கீலுக்குக் காசு?"ன்னார். இலவசம், 27-ஆவது பிரிவு, அத உங்ககிட்ட எடுத்துச் சொல்றதே இங்க பொறுப்புல இருக்குற டாக்டரோட கடமைன்னேன்.